பால்பவுடர் அறையில் ஒரு ராஜகுமாரி

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நான் தரையில் குப்புறப் படுத்துக் கதவின் அடி இடுக்கில் ஒரு கண்ணை வைத்திருந்தேன். உள்ளே இருட்டு. முதுகுக்குப் பின்னால் பாலர் வகுப்பு முழுவதும் நின்றது. வாத்தியார் தரையில் படுத்தது அவர்களுக்கு நல்ல விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, "ஹை, ஹை" என்று ஓட்டினான்.

"அமலி... அமலிக்கண்ணு... சார் கூப்பிடுறேன்ல?"



பதில் வராது என்று எனக்கே தெரியும். அமலி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வகுப்பில் வாயாடிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களில் ஒருவர் உள்ளே மாட்டியிருந்தால் கூச்சல் திண்டுக்கல் மலைக்கோட்டை வரை கேட்டிருக்கும். மாட்டியது வாயே திறக்காத நாலு வயதுக் குழந்தை.

கதவில் மாங்காய் அளவு பூட்டு தொங்கியது. சாவியைக் காணோம்.

சின்ன நாற்காலி

அறுபதுகளின் தொடக்கம். வாத்தியார் பயிற்சியை முடித்துவிட்டு, ஆர்டர் வரும் வரும் என்று திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். கன்னியர் மடத்தார் நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கிற வரைக்கும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

மீசை வைத்த பாலர் வகுப்பு டீச்சரை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மதருக்கென்று போட்டிருந்த ஒன்றைத் தவிர, அங்கே இருந்த நாற்காலிகள் எல்லாம் என் முழங்கால் உயரம். உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்கு வரும். அந்தக் கோலத்தில்தான் நான் ராஜா ராணிக் கதைகள் சொன்னேன்.

தலைமை மதர் எனக்குக் கொடுத்த பாடத்திட்டம் மிகச் சிறியது. "பிரம்பு கூடாது. கதை சொல்லுங்கள். பிறகு அந்தக் கதையை அவர்களே நடிக்கட்டும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள்."

நானும் போகவில்லை. போகாமல் இருந்து பார்த்ததில், அந்தக் குழந்தைகள் என் கதைகளைவிடத் தங்கள் வீடுகளைத்தான் அதிகம் நடித்தார்கள் என்று தெரிந்தது. ஒரு பயல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவான். "என்ன வெஞ்சனம்?" என்பான். "கத்திரிக்கா" என்று பதில் வந்தால் கொட்டாங்குச்சித் தட்டை எட்டி உதைப்பான். மறுநாள் அவன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், எங்க வீட்டு வெளாட்ட மட்டும் வேணாம்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினார். இன்னொரு நாள் மாதாகோயில் பூசை விளையாட்டு. சாமியாராக நின்ற சிறுவன் நற்கருணை மாதிரி ஒவ்வொரு நாக்கிலும் ஒரு பொரியை வைத்தான். திருநீறு பூசிய பிள்ளைகள் வரிசையில் இரண்டாம் தடவையும் வந்து நின்றார்கள். அன்றைக்கு மதர் மட்டும் அந்தப் பக்கம் வராமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

அமலிக்கு எப்போதும் பேச்சில்லாத வேஷம். மரம், பாறை, கிணறு. ஒருநாள் மழையாக இருந்தாள். மடி நிறையப் புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு போய் எல்லார் தலையிலும் நிதானமாகக் கொட்டினாள். எனக்குத் தெரிந்து அவ்வளவு சிரத்தையாகப் பெய்த மழை அந்த வருஷம் திண்டுக்கல்லில் வேறு இல்லை.

அவள் அப்பா அருளப்பன் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவர். ஆறடி உயரம். கையில் எப்போதும் சாட்டை. மத்தியான ரயிலுக்கு வந்தவர்களை இறக்கிவிட்டு வந்து மகளை ஏற்றிக்கொண்டு போவார். "வீட்டுல வாய் ஓயாது சார்" என்பார். "நீங்க சொன்ன கதை அம்புட்டையும் வண்டியிலயே சொல்லிருவா. எங்க குதிரைக்கே மனப்பாடம்."

நான் நம்பியதில்லை. பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மணிப்பூட்டு

அந்த நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சீமையிலிருந்து பால்பவுடர் வரும். பெரிய அட்டை டிரம். அதை வகுப்பை ஒட்டிய சின்ன அறையில் வைத்திருந்தோம். டிரம்முக்குள் மட்டம் தானாக இறங்கிக்கொண்டே போனது. மதர் ஒருநாள் பூட்டுப் பட்டறைத் தெருவுக்கு ஆள் அனுப்பி ஒரு மணிப்பூட்டு வாங்கி மாட்டிவிட்டார். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே ஒரு மணி அடிக்கும். ணங். அடுத்த சுற்றுக்கு இன்னொரு ணங். யார் எப்போது திறந்தாலும் தாழ்வாரக் கோடியில் இருக்கும் மதரின் அறைக்குக் கேட்டுவிடும். திருடனுக்குத் தானே சாட்சி சொல்லும் பூட்டு. திண்டுக்கல்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

பால் கலக்குவது என் பொறுப்பு. ஆகவே சாவியும் என்னிடம். வெறும் சாவியாக அதை வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பூட்டை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்னேன். ஒரு பூதம், ராஜகுமாரியை இருட்டு அறையில் போட்டு... ணங்... பூட்டியது... ணங்... பூட்டியே விட்டது... ணங்!

அந்த நேரத்தில் பள்ளிக்கூட மணியும் அடித்தது. "மீதி திங்கக்கிழமை" என்றேன்.

மீதி என்று ஒன்று என்னிடம் கிடையாது. எல்லாக் கதையையும் அப்படித்தான் நடு ஆற்றில் விட்டுவிட்டுக் கரையேறிவிடுவேன். நாளைக்கு நாளைக்கானது தோன்றும்.

பிலோமின் என்ற பெண் போகவில்லை. வகுப்பில் எல்லோரையும் மேய்க்கிறவள் அவள்தான். "உள்ள இருட்டா இருக்குமா சார்?"

"இருட்டுத்தான்."

"சனி ஞாயிறும் உள்ளதான் இருப்பாளா?"

"பின்ன? உள்ளதான்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கதை நன்றாக ஏறியிருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டு காப்பி குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை எனக்கு ராஜகுமாரி நினைவே இல்லை. அறையைத் திறந்து பவுடரை அள்ளிக்கொண்டு, பூட்டையும் சாவியையும் கதவிலேயே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஆயா ஆரோக்கியம்மா வெந்நீர் வைத்திருந்தார். பேசிக்கொண்டே பாலைக் கலக்கினோம். நடுவில் ணங், ணங் என்று சத்தம் கேட்டது. "பிள்ளைகள் கதையை நடிக்கிறார்கள்" என்று ஆரோக்கியம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து எல்லார் கையிலும் பால் கொடுத்தேன். பெஞ்சில் ஒரு தம்ளர் மிஞ்சியது. அதில் ஆடை படர்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் அது யாருடையது என்றும், அறைக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்றும் உறைத்தது.

என் பயம் வேலை செய்யும் விதம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சுடும். பிறகு இடது முழங்கால் ஆடும். அதன் பிறகு வாய் திறந்துகொள்ளும், மூடாது.

சின்ன வயதில் பாலசமுத்திரத்தில் மாமா தோப்பில் ஒரு மாடு என்னைத் துரத்தியது. ஒரு மாமரத்தில் ஏறிக்கொண்டு, கீழே நின்ற மாட்டிடம் நெடுநேரம் நியாயம் பேசினேன். பண்ணையாள் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க தம்பி, மாடு போயி ரொம்ப நேரமாச்சுங்க. யாருகூடப் பேசிட்டிருக்கறீங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கும் வாய் திறந்துகொண்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சாவி இங்கனதான் இருக்கும், சாவிக்கு என்ன காலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வகுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மனசுக்குள் பழனிக்கு மொட்டை போட்டேன். போதாது என்று, தொலைந்ததைத் தேடித் தருகிறவராயிற்றே என்று அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்தேன். இருவரில் யார் முந்துகிறார்களோ முந்தட்டும்.

ஆரோக்கியம்மா ஓடிவந்து பூட்டை அம்மிக் குழவியால் ஓங்கி அடித்தார். குழவியில் ஒரு சில்லு பெயர்ந்தது. பூட்டில் கீறல்கூட இல்லை.

"ஏன் தம்பி," என்றார் மூச்சு வாங்க, "போன வாரம் அந்த ரூமுலதான ஒரு தேள அடிச்சேன்?"

"அதான் அடிச்சாச்சே ஆரோக்கியம்மா!"

"இதுக்கு ஜோடி ஒண்ணு இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

இடது முழங்கால் ஆடத் தொடங்கியது.

பட்டறைத் தெருவுக்கு ஓடச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "எரியோட்டுல கல்யாணமாம். அம்புட்டுப் பேரும் போயிட்டாக. பட்டறையையே பூட்டிட்டுப் போயிட்டாக தம்பி."

மதரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் தாழ்வாரத்தில் நடந்தேன். பாதி தூரத்தில் முழங்கால் மறுத்துவிட்டது. திரும்பி வந்து கதவின் முன்னால் குப்புறப் படுத்தேன். வாசகர்கள் என்னை முதலில் பார்த்தது அந்த நிலையில்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து, மெல்ல, எதையோ எதுவோ பிறாண்டுவதுபோல. சர்ர்... சர்ர்... நின்றது. மறுபடி சர்ர்.

தேளுக்கு அப்படிச் சத்தம் வருமா என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம் வரும் என்றே நம்பினேன்.

ராஜாவின் தர்பார்

முதுகில் இருந்தவனை இறக்கிவிட்டுக் கத்தினேன். "சாவி எங்கலே?"

வாசலில் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்து நின்ற சந்தியாகு, விளையாட்டில் அவன்தான் காவல்காரன், என்னைப் பார்க்காமலே சொன்னான். "ராஜாட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

"யாருலே ராஜா?"

விளக்குமாறு திரும்பியது. மதரின் நாற்காலியில், ஆமாம், அங்கே இருந்த ஒரே பெரிய நாற்காலியில், பிலோமின் உட்கார்ந்திருந்தாள். தலையில் பனையோலைக் கிரீடம். கால் தரைக்கு எட்டவில்லை.

"பிலோமின், வெளாட்டு முடிஞ்சிருச்சு. சாவியக் குடு."

"ராஜாவ நின்னுக்கிட்டே கேக்கக் கூடாது சார்."

எனக்குச் சுடுகிற காது கொதித்தது. ஒரு அறை விடலாம் என்றுகூடக் கை எழுந்தது. எழுந்த கை கும்பிட்டது. அழுகிற குழந்தையிடமிருந்து ஒரு விஷயத்தையும் வாங்க முடியாது என்ற அளவுக்கு அந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. முழங்காலிட்டேன்.

"ராஜா, ராஜா. சாவி எங்க ராஜா?"

"ராஜகுமாரிட்ட இருக்கு."

"உள்ளயா?"

"ஆமா. கதவுக்கு அடியால தள்ளி விட்டுட்டோம்."

"ஏன் ராஜா?"

இவ்வளவு எளிய விஷயத்தைக் கேட்கிறானே என்பதுபோலப் பார்த்தாள். "பூதமும் அங்கனதான இருக்கு? அவளுக்குப் பயம் வந்தா தொறந்துக்கிருவால்ல? நீங்க ரெண்டு நா உள்ளயே விட்டுட்டுப் போயிட்டீங்க. நாங்க சாவி குடுத்துருக்கோம்."

"பூதம் உள்ளயா? யாருடி பூதம்? இன்னொரு பிள்ளையும் உள்ள இருக்கா?"

"பிள்ளை இல்ல சார். பூதம்."

தலைகளை எண்ணிப் பார்த்தேன். அமலியைத் தவிர எல்லோரும் வெளியே இருந்தார்கள். சர்ர் என்றது உள்ளே.

"பூட்டு வெளிய தொங்குதேடி! உள்ள இருந்து எப்படித் தொறப்பா?"

பிலோமின் பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அது ஒங்க பூட்டு சார்" என்றாள்.

மறுபடி தரையில் விழுந்தேன். "அமலி, சாவிய இடுக்கு வழியாத் தள்ளும்மா. தங்கம்ல? மிட்டாய் வாங்கித் தாரேன். ரெண்டு தாரேன். கடையவே தாரேன்."

சர்ர். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் வெளியே, ரோட்டுப் பக்கமிருந்து, குதிரைச் சலங்கை கேட்டது.

சாட்டையோடு வந்தவர்

அருளப்பன் வாசலில் நின்றார். ஆரோக்கியம்மா ஏற்கெனவே அவரிடம் அழுதுகொண்டே பாதியைச் சொல்லியிருந்தார். சொன்ன பாதியில் தேள் இருந்தது.

அவர் என்னைத் தாண்டிப் போய்க் கதவில் கையை வைத்தார். "அமலி! ஏத்தா! அப்பா வந்துருக்கேன்."

அந்தப் பிறாண்டல்கூட நின்றுபோனது.

நான் இந்த இருபத்தைந்து வருஷப் பத்திரிகை எழுத்தில் எத்தனையோ அமைதிகளைக் கேலி செய்து எழுதியிருக்கிறேன். அதைக் கேலி செய்ய இன்றைக்கும் வார்த்தை வரவில்லை.

அருளப்பன் என் பக்கம் திரும்பினார். சாட்டையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், அந்தக் கதை என்னாச்சு?"

"எ... எந்தக் கதை?"

"பூதம் ஒரு புள்ளையப் பூட்டி வச்சுச்சே. வெள்ளிக்கெழமையிலருந்து என்னைய அரிச்சு எடுத்துட்டா சார். அந்த அக்கா வெளிய வந்துருச்சா, வெளிய வந்துருச்சான்னு. ராத்திரி சோறும் திங்கல. எனக்கு என்ன தெரியும், சாரையே கேளு ஆத்தான்னுட்டேன்." கதவைப் பார்த்தார். "அவ கேக்கலையா?"

கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் எப்படிக் கேட்பாள்? தன்னால் முடிந்த வழியில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாவியை வைத்துக்கொண்டு.

"சொல்லுங்க சார்" என்று அருளப்பன் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். ராஜா நாற்காலியை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்தது. என்னிடம் மீதி இல்லை.

வாய் திறந்துகொண்டது. "அப்பறம்... ஒரு ராஜகுமாரன் வெள்ளைக் குதிரையில..."

"அன்னைக்கு ராஜகுமாரனே இல்ல சார்" என்றாள் பிலோமின்.

"குதிரைக்கு லாடம் அடிச்சிருந்துச்சா?" என்றார் அருளப்பன், பதற்றத்திலும் தொழில் மறக்காமல்.

கதவு அசையவில்லை. ராஜகுமாரனைத் திருப்பி அனுப்பினேன்.

"ராஜகுமாரி ஒரு வாள எடுத்தா! ஒரே வெட்டு! பூதம் செத்து..."

டொம்!

கதவு அதிர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ எதையோ கொண்டு ஓங்கி அடித்திருந்தார்கள். அருளப்பன் "ஆத்தா!" என்று எழுந்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. கோபப்படுகிற குழந்தை உயிரோடு இருக்கிற குழந்தை.

"சரி, சரி, சாகல! பூதம் சாகல. நல்லாருக்கு." கதவிடுக்கில் வாயை வைத்தேன். "அமலி, எனக்கு மீதி தெரியாதும்மா. நெசமா. பூதம் என்ன பண்ணுது? நீதான் பாத்துக்கிட்டிருக்க. நீயே சொல்லு."

இதைச் சொன்ன பிறகு, என் பயத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, என் வாய் மூடிக்கொண்டது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல். கொழகொழவென்று, வாய் நிறையப் பசையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"அதுக்குப் பசி."

பிள்ளைகள் கதவை நெருங்கினார்கள்.

"பால் குடுத்தேன். தூங்கிருச்சு. கத்தாதீங்க."

இடுக்கின் வழியே சாவி வெளியே வந்தது. முழுக்க வெள்ளையாக.

தூங்கும் பூதம்

சாவியை நான் போட முயன்றேன். கை பூட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் குத்தியது. அருளப்பன்தான் வாங்கித் திறந்தார். ணங். ணங். ணங்.

அமலி நின்றாள். புருவம், மூக்கு, கன்னம் எல்லாம் பால்பவுடர். உதட்டின் மேல் ஒரு விரல். இன்னொரு கையில் அகப்பை. டிரம்மை அவ்வளவு நேரமும் பிறாண்டியது அதுதான். அப்பாவுக்குப் பதில் வராத காரணமும் தெரிந்தது. உலர்ந்த பால்பவுடரை ஒரு வாய் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும், மேலண்ணத்தில் அப்பிக்கொண்டால் பேச்சாளர்களே வாய் திறக்க முடியாது.

அவளுக்குப் பின்னால் கவிழ்த்த கூடையின்மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. அதன் முன்னால் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பவுடர். பூதம் நல்ல தூக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் விரல்நுனியில் நடந்து போய்ப் பார்த்தார்கள். தேளின் ஜோடியைத் தேடி நானும் ஆரோக்கியம்மாவும் மூலை மூலையாகப் பார்த்தோம். இல்லை.

வேளை கெட்ட வேளையில் பூட்டு மணி அடித்ததால் மதர் வந்துவிட்டார். சிந்திக் கிடந்த பவுடரைப் பார்த்தார். தரையில் புரண்டதில் முன்பக்கம் முழுக்கப் புழுதியாக நின்ற என்னைப் பார்த்தார்.

"யார் தின்றது?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பூதம்" என்றாள் அமலி, மதரிடம் நேராக. "பசின்னுச்சு."

அந்தக் குழந்தையின் குரலை மதர் அதுவரை கேட்டதில்லை. சேர்க்கும்போது பேர் கேட்டதற்குக்கூட அப்பாதான் பதில் சொன்னார். மதர் தன் கைக்குட்டையை எடுத்து அவள் மூக்கை மட்டும் துடைத்தார்.

"நாளையிலிருந்து ஒரு தம்ளர் கூடவே வையுங்கள், சார்" என்றார் என்னிடம். போகும்போது சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அமலி ஊமையாகத்தான் வந்தாள். நான் மொட்டையாக வந்தேன். அவள் என் தலையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போய்ப் பாறையாக உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகும் பூதத்தின் அம்மாவாக வேஷம் போடும்போது மட்டும் பேசுவாள். அது தூங்குகிறது, கத்தாதீர்கள் என்று எங்களை அதட்டுவதற்கு.

நான் தொடர்கதை எழுதும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் ஒன்றைத்தான் வற்புறுத்துகிறார். வாரா வாரம் கடைசி வரியில் வாசகரை ஒரு கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டுமாம். நானும் நிறுத்திக்கொண்டுதான் வருகிறேன். ஆனால் உள்ளே ஒரு குழந்தை இருக்கிற வாரத்தில் மட்டும் அவருக்குப் பக்கம் கூடிப்போகும். திறந்து, வெளியே கூட்டி வந்து, அப்பாவின் ஜட்காவில் ஏற்றிவிட்டுத்தான் பேனாவை மூடுவேன்.

அன்றைக்கும் ஏற்றிவிட்டேன். சலங்கைச் சத்தம் ரயிலடிப் பக்கம் போனது. வண்டி கிளம்பும்போதே அவள் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது, குதிரைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டு.